பேத்திக்குப் பொம்மை வாங்கும் முன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை எடுத்தால் கீழே வைப்பதே இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் ஸ்பீச் தெரபிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை விட மனம் வரவில்லை.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வயதாகியும் நாலைந்து சொல்தான் சொல்கிறாள், ஏபிசிடியும் பாட்டும் சொல்கிற பொம்மை லேப்டாப் வாங்கித் தந்தால் பேச்சு சீக்கிரம் வருமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் எதைப் போட்டிருந்தாலும் வேண்டாம்.

பொம்மை பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதை என் அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் இதை அளந்தே பார்த்தார்கள். ஆய்வு 2016இல் வெளியானது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், அவரவர் வீட்டில், பெற்றோருடன் விளையாடியதைப் பதிவு செய்தார்கள். பேட்டரி பொம்மையோடு விளையாடும்போது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொல் பேசினார்கள். கட்டைகள் மாதிரியான சாதாரண பொம்மைகளோடு 56, படப் புத்தகத்தோடு 67. சின்ன ஆய்வுதான். ஆனால் படப் புத்தகத்தோடு இருந்ததைவிடப் பேட்டரி பொம்மையோடு இருந்தபோது குழந்தைகள் எழுப்பிய ஒலிகளும் குறைந்துபோயின என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும். அங்கே குழந்தை வாய் திறக்க என்ன அவசியம்?

அதனால் தானாக எதுவும் செய்யாத பொம்மையாகப் பார்த்து வாங்கு. போன மாதம் அம்பாசமுத்திரம் போனபோது அவளுக்கென்று மரச்சொப்பு ஒரு செட் வாங்கினேன். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அம்மி, ஆட்டுக்கல், குடம், அடுப்பு, தோசைக்கல், எல்லாம் அரக்குச் சாயம் பூசிய கடைசல் வேலை. அவள் வாய்க்குள் போகிற அளவுள்ள குட்டிச் சாமான்களை எடுத்துவிட்டேன். மூன்று வயதுக்குப் பிறகு தருகிறேன். சொப்பை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம், அதை வைத்து விளையாடினால் வினைச்சொற்கள் தானாக வரும். ஊத்து, போடு, கிண்டு, மூடு, தா, சுடுது, ஊது. பொருள்களின் பெயரை மட்டும் அடுக்கிச் சொல்லும் குழந்தைக்கு இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வழி கிடைப்பதில்லை. 'பால் ஊத்து', 'தோசை தா' என்று வருவதற்கு இந்த வினைகள்தான் வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தரையில் அவளுக்கு எதிரே, முகம் பார்த்து உட்கார். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அவளை நாற்காலியில் ஏற்றி எதிரே உட்கார்ந்துகொள். அவள் எதை எடுக்கிறாளோ அதைப் பற்றியே பேசு. 'இது என்ன? அது என்ன?' என்று பரீட்சை வைக்காதே. அப்புறம், பேசிவிட்டு நிறுத்து. மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. அந்த இடைவெளியில்தான் அவள் பார்வையோ கையோ சத்தமோ வரும். நம் வீட்டுப் பாட்டிகள் 'அப்புறம் என்னடி சொன்னா?' என்று மூன்று மாதக் கைக்குழந்தையிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்களே, அதே வேலை.

சொப்பு தவிர ஒரு பந்து, ஒரு துணிப் பொம்மை, ஆடு மாடு காக்காய் என்று சில மிருகங்கள், கெட்டி அட்டைப் படப் புத்தகம் போதும். 'மே', 'கா கா' என்று அவள் அந்தந்த மிருகத்துக்குச் சரியாகச் சொன்னால் அதையும் சொல்லாகவே எண்ணலாம். சோப்புக் குமிழி ஊதும் குப்பியும் நல்லது: இரண்டு தடவை ஊதிவிட்டு மூடி போட்டு அவள் கையில் கொடு. திறக்க முடியாமல் உன்னைத் தேடித்தான் வருவாள்.

அத்தை அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பொம்மைகள் ஹால் முழுக்கக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தாய். முக்கால்வாசியைப் பரண் மேல் ஏற்று. 2018இல் ஒஹையோவில் 36 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, 16 பொம்மை கொடுத்ததைவிட 4 பொம்மை கொடுத்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். மாற்றி மாற்றி இறக்கு.

பெங்களூரில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் காதில் விழுவதால் குழம்புகிறாளோ என்ற பயத்தை விட்டுவிடு. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதப்படாது. மூன்று மொழியிலும் அவள் சொல்வதைச் சேர்த்து எண்ணிப் பார். வேலைக்கு வரும் அம்மாவிடம் கன்னடத்தில் இரண்டு சொல் சொல்கிறாள் என்றால் அதுவும் கணக்கில் சேரும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா? இரண்டில் எது இல்லாவிட்டாலும் இந்த வாரமே காது பரிசோதனைக்கு அழைத்துப்போகச் சொல். 'இவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்' என்று சொல்லிச் சொல்லியே காது கேளாத பிள்ளைகளை என்னிடம் காலம் கடந்து கூட்டி வந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இரண்டும் இருக்கிறது என்றால் அமைதியாக விளையாடு. இரண்டு வயதில் இரு சொல் சேர்க்கிறாளா என்று பார்ப்போம்.

பார்சல் வந்ததும் போன் பண்ணு. ஆனித் தேருக்கு நெல்லை வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயிற்றா? பேத்தியையும் கூட்டி வந்தால் ஒரு நாள் முழுக்க அவளோடு உட்கார்ந்து பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் தோழி