மாற்று ஆள் இல்லாத வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை நேரம் முடிந்ததும் போனை அணைத்து வைக்கச் சொல்லி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் உள்ள யோசனைகள் எல்லாம் கடைசியில் வேலை செய்பவர் தலையில்தான் விடிகின்றன. சீக்கிரம் தூங்கு, யோகா செய், விடுமுறைக்கு வால்பாறை போய் வா என்கிறார்கள். சரி, போனை அணைத்துவிட்டால் அந்த நேரத்தில் வருகிற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது யார்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மில் வேலை சொகுசானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஞ்சுத் தூசி, புழுக்கம், சத்தம், ராத்திரி ஷிப்ட் எல்லாம் உண்டு. ஆனால் சங்கு ஊதினால் அடுத்த ஆள் வந்து நிற்பார். எந்த ஃப்ரேமில் நூல் அதிகம் அறுகிறது, எதை ஃபிட்டரிடம் சொல்லியிருக்கிறோம் என்று விவரம் ஒப்படைத்துவிட்டு சைக்கிளை எடுத்தால் அன்றைய பொறுப்பு முடிந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கிற தேவையே வராது. விவரம்தான் அடுத்தவரிடம் இருக்கிறதே!

என் மகள் திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் துணி வாங்குகிற பையரிடம் பேசி, ஆர்டரை யூனிட்டுகளில் முடித்து அனுப்ப வைக்கிற வேலை. ஜெர்மனி நேரம் நமக்கு கோடையில் மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை 6 மணிக்கு பையர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது இங்கே குளிர்காலத்தில் இரவு 10.30. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு அவர்கள் வந்து உட்காரும்போது இங்கே பொழுது சாய்ந்து 6.30 அல்லது 7.30 ஆகியிருக்கும். பகலெல்லாம் நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு யூனிட்டாகத் துரத்திக்கொண்டிருந்த அதே ஆள்தான், லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு) நிறம் ஏன் ஒத்துவரவில்லை, சாம்பிள் என்றைக்கு கூரியரில் போகும் என்று ராத்திரியும் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வந்திருந்தாள். கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடிக்கொண்டிருக்க, பறைச் சத்தம் கேட்காத இடம் தேடிப் போய், கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று ஏதோ ஒரு ஸ்டைலின் பட்டன் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்கி வழிந்தது. பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலாளிகள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரிடும், லாபம் அதிலேயே கரைந்துவிடும். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏதோ ஒரு காகிதத்துக்காக நிற்கிறதென்றால் ராத்திரி கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள நேர வித்தியாசம் நேற்று முளைத்ததா? முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு ஆள் போடாமல் விட்டுவிட்டு, தினமும் அதற்கு அவசரம் என்று பெயர் வைப்பது சரியில்லை.

நான் சொல்வது பெரிய திட்டமும் கிடையாது. மதியம் 1.30 மணிக்கு வந்து இரவு 10 மணிக்குப் போகிற ஒருவரை நாலைந்து மெர்ச்சண்டைசர்களுக்குப் பொதுவாகப் போடலாம். பகல் ஆள் கிளம்பும் முன் ஒவ்வொரு ஆர்டரும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும். மில்லில் நாங்கள் செய்த ஒப்படைப்புதான் இது. எதற்கெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்பதையும் எழுத்தில் வைத்து, அப்படிக் கூப்பிட்டால் அந்த நேரத்தையும் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஷிப்டில் இருக்கிற பெண்களை வீட்டு வாசல் வரை கம்பெனி வண்டியிலேயே அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று பேரே இருக்கிற சின்ன கம்பெனியில் தனி ஆள் போட முடியாதுதான். அங்கே ராத்திரி பேசியவர் மறுநாள் தாமதமாக வரட்டும். அதற்குச் செலவே இல்லை.

உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. பகல் வேலையோடு ராத்திரிப் பேச்சையும் கூட்டினால் திருப்பூரில் அந்த 55 எளிதாக வந்துவிடும்.

வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்கு பிரான்ஸில் 2017 முதலே சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டம் முதலாளி கூப்பிடுவதைத் தடுக்கவில்லை. வேலை நேரத்துக்குப் பின் கூப்பிட்டால், மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை பதில் சொல்லாமல் இருக்கத் தொழிலாளிக்கு உரிமை கொடுக்கிறது. எதற்காகக் கூப்பிட்டார்கள், அதற்குக் கூடுதல் பணம் உண்டா, அவருடைய பொறுப்பு என்ன என்பதையெல்லாம் பார்த்தே நியாயம் முடிவாகும். நம் ஊருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாடாளுமன்றத்தில் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018-இலும் 2025 டிசம்பரிலும் இதற்காகத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவந்தார். ஆனால் 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. அதனால் டெல்லியை நம்பிக் காத்திருப்பதைவிட மாநில அரசைக் கேட்பது நல்லது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தியது நம் சட்டமன்றம்தானே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களிடமும் மெர்ச்சண்டைசர்களிடமும் கேட்டு இதை ஒரு தொடராக வெளியிடுங்கள். எங்கேயாவது ஒரு கம்பெனி மதிய ஷிப்ட் வைத்துப் பார்த்திருந்தால் அதன் கணக்கு வழக்கையும் விவரமாகப் போடுங்கள், மற்ற முதலாளிகளுக்கு அது உதவும். ஊழியர்களின் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். பெயர் வராது என்று தெரிந்தால் நிறையப் பேர் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சூலூர்