புள்ளி வைத்தாலும் ஒன்று, வைக்காவிட்டாலும் ஒன்று

அன்புள்ள மச்சான்,

நான் சுகம். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நல்லூரில் கொடியேறி எட்டு நாளாகிறது, என் முழங்கால் போன கடிதத்தில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. போன கடிதம் எட்டு மாதத்துக்கு முந்தியது என்பதும் தெரியும். அதற்கான ஏச்சை ஆறுதலாக எழுதி அனுப்பு.

வியாழக்கிழமை வந்த சாமானை நீ பார்த்திருப்பாய். நீ மட்டுமா, 37 பேர் பார்த்திருக்கிறார்கள். சோடா தன் மகளின் கலியாணப் படங்களை எங்கள் வகுப்பு முழுவதுக்கும் ஈமெயிலில் அனுப்பியிருந்தான். உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்ற நினைப்பில், மாப்பிள்ளை எங்கட பழைய சயன்ஸ் வாத்தியாருக்கு மீசை வைத்த மாதிரி இருக்கிறார் என்றும், சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசைத்தான் சோடா மணவறைப் பூவில் கொட்டியிருக்கிறான் என்றும் எழுதி அமத்தினேன். அமத்தியது எல்லோருக்கும் பதில் போகிற பொத்தான். சோடா இன்னும் வாய் திறக்கவில்லை. அவன் மனுசி மாத்திரம், "அண்ணை, பூ நல்லா இருந்ததோ?" என்று ஒரு வரி போட்டிருந்தா. அதைவிட இரண்டு பக்கம் ஏசியிருக்கலாம்.

34 வருடம் தபாற் கந்தோரில் இருந்தவன் நான். ஒரு கடிதத்தைக்கூட ஆள் மாறிக் கொடுத்ததில்லை என்று பிரியாவிடையன்று மேடையில் பேசினவன். கைதட்டினவர்களில் நீயும் ஒருவன். சிரிக்காதே.

பக்கத்தில் நின்ற பேத்தி என் முகம் போன போக்கைப் பார்த்து மவுசைப் பறித்தாள். "அம்மப்பா, அனுப்பினதைத் திருப்பி எடுக்கலாம். ஆனா அஞ்சு செக்கனுக்குள்ள எடுக்கோணும்." எனக்குக் கண்ணாடியைத் தேடிப் போடவே பத்துச் செக்கன் வேண்டும். பிறகு அமைப்புகளுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள்: அந்த ஐந்தைப் பத்தாக, இருபதாக, முப்பதாக மாற்றலாம். முப்பதில் வைத்துவிட்டேன். இப்போது நான் அமத்தினாலும் கடிதம் முப்பது செக்கன் படலையடியிலேயே நிற்கும். கீழே ஒரு சின்னக் கறுப்புப் பட்டி எழும்பும், அதைத் தட்டினால் திரும்பி வந்துவிடும். தபால் பெட்டிக்குள் போட்ட கடிதத்தைக் கம்பி விட்டு இழுக்க வந்தவர்களை எத்தனை தரம் நான் கலைத்திருப்பேன்! ஐஸ்காரரின் மகனுக்காக நீ வந்து நின்றதை இங்கே எழுதவில்லை, பேத்தி வாசிக்கிறாள்.

அன்று தொடங்கியது பைத்தியம். பத்து வருடமாக இந்த ஜிமெயிலைப் பாவிக்கிறேன், வந்ததைத் திறப்பேன், வாசிப்பேன், பதில் போடுவேன், அவ்வளவுதான். வலது மூலையில் ஒரு பற்சக்கரம் இருப்பதே தெரியாது. இப்போது விடிய எழும்பித் தேத்தண்ணீரோடு அந்தச் சக்கரத்தடியில்தான் குடியிருப்பு. மனுசி, "கோயிலுக்கு வாங்கோ எண்டால் கால் நோ, இதுக்கு முன்னால ஆறு மணித்தியாலம் இருக்கேலும்" என்கிறா. உண்மைதான்.

லேபல் என்று ஒன்று இருக்கிறதடா. நீ பாவிக்கிறாயோ தெரியாது. எங்கள் கந்தோரில் கடிதம் பிரிக்கிற அலுமாரியை நீ பார்த்திருக்கிறாய், சுவர் அகலத்துக்குச் சின்னச் சின்னப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, வேலணை. ஒரு கடிதம் ஒரு பொந்துக்குள்தான் போகும். விலாசம் அரைகுறையாக இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பொந்துக்கும் நடுவில் நிற்போம். அந்தப் பழக்கத்தில் நான் பேத்தியிடம், "இந்தக் கடிதத்தைப் பென்சன் பெட்டியில் போடுறதோ, வங்கிப் பெட்டியில் போடுறதோ?" என்று கேட்டேன். "ரெண்டிலயும்" என்றாள். ஒரு கடிதம் எப்படியடி இரண்டு இடத்தில் இருக்கும் என்று சண்டை பிடித்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: இது பெட்டி இல்லையாம், கடிதத்தில் ஒட்டுகிற சீட்டாம். ஒரு சீட்டும் ஒட்டலாம், ஐந்தும் ஒட்டலாம். எந்தச் சீட்டைத் தட்டினாலும் அதே கடிதம் வந்து நிற்கும். 34 வருடம் நான் கட்டிக் காத்த சட்டத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் உடைத்துவிட்டுக் கச்சான் கொறித்துக்கொண்டு போனாள்.

பிறகு நானே வடிகட்டி போடவும் பழகிவிட்டேன். இன்ன இடத்திலிருந்து வந்தால் இன்ன சீட்டை ஒட்டு, முகப்புக்குக் கொண்டுவராதே என்று சொல்லிவைத்தால், வந்தவுடனே அது தானாகப் பிரிந்து போய் இருந்துகொள்கிறது. இதை முதல் தரம் கண்ணால் பார்த்தபோது, எங்கள் அலுமாரிக்கு முன்னால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தில் ஆடிக்கொண்டு நின்ற பெடியன்களை நினைத்தேன். நானும் அதில் ஒருவன்.

இன்னொரு கதை. என் விலாசத்தில் தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறதல்லவா? பத்து வருடமாக வங்கியில், மருந்துக்கடையில், பென்சன் கந்தோரில், "பிள்ளை, புள்ளியை விட்டிடாதை" என்று கத்தியிருக்கிறேன். ஒருதரம் ஒரு கிளார்க் பெடியன் புள்ளி போடவில்லை என்று படிவத்தை மீண்டும் நிரப்ப வைத்தேன். இப்போது பார்த்தால், ஜிமெயில் அந்தப் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லையாம். வைத்தாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று, எழுத்துக்கு எழுத்து வைத்தாலும் அதே ஆளுக்குத்தான் வந்து சேரும். தமிழில் ஒரு புள்ளி விழுந்தால் எழுத்திலிருந்து உயிரே போய்விடும். இவர்கள் எங்கே தமிழ் படித்தார்கள்!

அந்தக் கிளார்க் பெடியனைக் கண்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

தமிழ் என்றதும் சொல்கிறேன், இந்தக் கடிதம் முழுக்க நானே அடித்தது. ஆங்கில எழுத்தில் எம், ஏ, இசட், எச், ஏ, ஐ என்று தட்டி இடைவெளி விட்டால் 'மழை' என்று விழுகிறது. உன் போன கடிதம் பாமினி எழுத்துருவில் வந்து என் திரையில் ஆங்கிலக் குப்பையாகக் கிடந்தது. அதை வாசிக்கப் பட்ட பாடு தனிக்கதை. தயவுசெய்து எந்தத் திரையிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டுக்கு மாறு. உலகம் மாறிக் கனகாலம்.

பின்னணிக்கு நாவற்குழிப் பக்கம் நான் எடுத்த கடல் படத்தை வைத்துப் பார்த்தேன், கடிதம் எது கடல் எது என்று தெரியவில்லை, பழையபடி வெள்ளைக்கே வந்துவிட்டேன். எழுத்தைப் பெரிசாக்கியிருக்கிறேன். கையொப்பத்தில் பெயர், பதவி, ஓய்வுபெற்ற ஆண்டு, வீட்டிலக்கம், யாழ்ப்பாணம் 40000 என்று ஏழு வரி போட்டிருந்தேன், பேத்தி ஐந்தை வெட்டிவிட்டாள்.

சரி, இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இவ்வளவு நேரமும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நெட்டையனின் மனுசி வீட்டுக்கு வந்தா. ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு. வந்து கதிரையில் இருந்து, கைப்பையிலிருந்து அவனுடைய போனை எடுத்து மேசையில் வைத்தா. "அண்ணை, நீங்கள் தபால் ஆள். அவற்ற ஈமெயிலைத் திறந்து தாங்கோ" என்றா. பாஸ்வேட் யாருக்கும் தெரியாது. அவன் எழுதி வைக்கவுமில்லை. அவனுடைய நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்போம் என்றால் அந்த நம்பர் காசு போடாமல் எப்போதோ செத்துவிட்டது. போனும் பூட்டிக் கிடக்கிறது.

அவன் கடைசி நாலைந்து வருடமாக எங்கள் ஊர்க்கதையை எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும்தானே. எந்த வளவில் யார் இருந்தார்கள், எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்த ஒழுங்கைக்குள்ளால் போனால் கொட்டடிக்கு ஏறலாம், எல்லாம். எதில் எழுதினான் தெரியுமா? அனுப்பாத கடிதங்களாக. ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கடிதம் தொடங்கி, அனுப்பாமல் வரைவுகளுக்குள்ளேயே விட்டிருக்கிறான். "காணாமல் போகாதடா, கொம்பியூட்டர் பழுதானாலும் அங்கே கிடக்கும்" என்று என்னிடமே சொன்னான். கிடக்கிறதுதான். எவராலும் எடுக்க முடியாமல் கிடக்கிறது.

இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கிற கணக்கை அழிக்கலாம் என்று கூகிள் 2023இல் விதியை மாற்றி, அந்த வருடம் டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கியது. அவன் போய் ஒரு வருடமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்.

தேடிப் பார்த்ததில், இறந்தவரின் கணக்குக்காகக் குடும்பத்தார் விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பாஸ்வேட்டை எவருக்கும் கொடுக்கமாட்டார்கள், ஆனால் சில வேளை உள்ளே இருப்பதைக் கொடுக்கலாம், ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இறப்புச் சான்றிதழ் வேண்டும். அது எங்கள் ஊரில் தமிழில் இருக்கிறது, அங்கே ஆங்கிலத்தில் வேண்டும், அதனால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கைக்கு வரும். விண்ணப்பத்தை நானும் பேத்தியும் நிரப்பி வைத்திருக்கிறோம். கிடைக்குமோ கிடைக்காதோ, சொல்லத் தெரியவில்லை. நெட்டையனின் மனுசிக்கு அந்தக் கிடைக்காதோவை நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று இரவு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவிருக்கிறதா? நீ அப்போது வெளிநாட்டுக்குப் போய்விட்டாய், கேட்டுத்தான் அறிந்திருப்பாய். நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிந்து போகும்போது அம்மாவையும் சைக்கிளையும் இரண்டு பெட்டியையும் கொண்டுபோனோம். தகரப் பெட்டகத்தை வீட்டில் விட்டேன். உன் நீலக் கடிதங்கள் அதற்குள்தான் இருந்தன, 1983இலிருந்து நீ எழுதினது முழுக்க. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பெட்டகம் இருந்தது, மூடி இல்லை, உள்ளே மழைத் தண்ணீர். இதை உனக்கு இதுவரை நான் எழுதவில்லை. கேட்டால், "பத்திரமாக இருக்கு" என்றுதான் சொல்லிவந்தேன்.

இரண்டாம் தரம் தொலைந்தது, 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு, பஸ் நிலையத்தடியில் ஒரு நெற் கபேயில் முதல் கணக்குத் திறந்தேனே, அது. எந்தக் கொம்பனி என்பது வேண்டாம். நீ அனுப்பின இரண்டு பனிப் படத்தோடு அது நிரம்பிவிட்டது, ஞாபகமா? அந்தக் காலத்துப் பெட்டிகள் இரண்டு, நாலு மெகாபைட்தானே. அதனால்தான் 2004 ஏப்ரல் முதலாம் திகதி ஜிமெயில் ஒரு கிகாபைட் தருகிறோம் என்று வந்தபோது, பகிடி விடுகிறார்கள் என்று கனபேர் நம்பவில்லையாம். 2006 ஆவணியில் பாதை பூட்டி, ஊரடங்கும் வந்து, நான் கபேப் பக்கம் போகவேயில்லை. பிறகு ஒருநாள் திறந்தால் வெறும் பெட்டி. கனகாலம் வராததால் துடைத்துவிட்டார்களாம். உன் மூத்தவள் பிறந்த சேதியும் அதில்தான் இருந்தது.

ஆகவே இந்தத் தரம் முந்திக்கொண்டேன். கூகிள் கணக்கில், நாங்கள் பாவிக்காமல் விட்டால் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம், எதையும் வைக்கலாம். நான் ஆறு மாதம் வைத்தேன். தவணைக்கு ஒரு மாதம் முந்தி எனக்கே அறிவித்தல் வரும், இருக்கிறேனா என்று பார்க்க. நான் பேசாமல் கிடந்தால், நான் பெயர் கொடுத்த ஆட்களுக்குச் சேதி போகும், நான் அனுமதித்ததை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர்வரை கொடுக்கலாம். நான் இரண்டு பேரைத்தான் கொடுக்கிறேன். ஒருத்தி பேத்தி. பதினாலு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை, தாயின் விலாசத்தைப் போட்டேன். பாஸ்வேட்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டு கட்ட உறுதிப்படுத்தலும் வைத்து, அது தந்த பத்து மாற்று எண்களையும் அச்செடுத்துக் காணி உறுதியோடு வைத்திருக்கிறேன். மனுசிக்கு இடம் தெரியும். நெட்டையனுக்கு இதை ஒருதரம் காட்டியிருக்கலாம். அவன் உயிரோடு இருந்தபோது அந்தப் பற்சக்கரத்தைத் திருப்பிப் பார்க்காதவன் நானும்தான்.

இரண்டாவது ஆள் நீ. அதற்கு உன் ரெலிபோன் நம்பர் கேட்கிறது, ஆள் நீதான் என்று உறுதிப்படுத்த. நீ நம்பரை மாற்றினாய் என்று சோடா சொன்னான், அவனிடம் இப்போது கேட்கிற முகம் எனக்கில்லை. அதனால் நீயே எழுது. உனக்குச் சேர ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன், அது அந்த ஆறு மாதம் கழிந்தால்தான் புறப்படும். அதில் என்ன இருக்கிறதென்று கேளாதே. பெட்டகத்தைப் பற்றி இல்லை, அதை இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இப்போது இரவு பத்து மணி. ரொறன்ரோவில் மத்தியானம் பன்னிரண்டரை, நீ வேலையிடத்தில் இதைத் திறந்து அழுது தொலைக்கக்கூடாது. அதனால் நாளைப் பின்னேரம் நாலரைக்குப் புறப்படும்படி நேரம் குறித்திருக்கிறேன், உனக்கு விடிய ஏழு. கோப்பியோடு வாசி.

சோடாவுக்கு நீயும் ஒரு வரி போடு, பூ நல்லா இருந்தது என்று. அவனுக்கு மட்டும் போடு.

அன்புடன்,
தபால்