கொப்பியில் எழுதிய கணக்கு

அன்பின் வசந்திக்கு,

கடிதம் கிடைத்தது. கண்டியில் புது வீட்டுக்கு மாறிவிட்டாய் என்று கேட்டு சந்தோஷம். நானுஓயாப் பக்கம் இரண்டு கிழமையாக விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி சுகம்.

ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கும் எனக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

கட்டுப் போடும் கோஸ் துணியும் சேலைனும் இவ்வளவு முடிகிறதே, குறையுங்கள் என்று கணக்குக் கிளையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மா அப்போது எங்களிடம் இருந்தார். இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை, படுக்கைப் புண் வந்துவிட்டது. முதலில் இடுப்புக்குக் கீழே பத்து ரூபாய்க் காசளவு சிவப்பு. நாலாம் நாள் தோல் உரிந்தது. பிறகு உள்ளங்கை அளவுக்குக் குழி. கோஸ் எல்லாம் போனது அந்தக் குழிக்குத்தான்.

ஒரு கொப்பி போட்டேன். அவர் ஒருவருக்கு மட்டும் கட்டு மாற்றிய கோஸ், ஊசி மருந்து, தாதி மிஸ்ஸிமாரின் நேரம், புண்ணால் கூடுதலாகப் படுத்திருந்த 19 நாள், எல்லாம் எழுதினேன். கிளையின் புத்தகத்தில் மருந்துக்கு ஒரு வரி, சாப்பாட்டுக்கு ஒரு வரி, ஓவர்டைமுக்கு ஒரு வரி இருக்கிறது. புண்ணுக்கு வரி இல்லை. இலவச வைத்தியம் என்பதால் பில்லும் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. கொப்பியைப் பார்த்த பிறகுதான் டொக்டர் இரவுக்கு ஒரு சிற்றூழியரைக் கேட்டு வாங்கித் தந்தார். இப்போது கட்டில் காலடியில் ஒரு தாள் தொங்குகிறது. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிவிட்டு, நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம்.

நீ சொன்ன ஹார்வர்ட் பேராசிரியர்கள் கப்லானும் போர்ட்டரும் 2011இல் எழுதியது இதைத்தானே? ஒரு நோயாளி வந்ததிலிருந்து போகும்வரை யாருடைய நேரம் எத்தனை நிமிடம் போனது என்று பார்க்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகேயர், ஆஸ்பத்திரியில் வந்த ஆழமான படுக்கைப் புண்ணுக்கு மேலதிகப் பணம் தருவதை 2008 ஒக்டோபரில் நிறுத்தியது. சரி, நல்லது. ஆனால் 30 நாளுக்குள் திரும்பி வரும் நோயாளிகள் அதிகமான ஆஸ்பத்திரிகளுக்கு 2012இலிருந்து பணம் வெட்டியபோது, இதயம் பலவீனமானவர்களிடையே இறப்பு கூடியதா என்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்குப் பயம் அங்கேதான். கொழுந்து நிறுக்கும்போது கிலோவை மட்டும் பார்த்தால் சாக்கில் முற்றல் இலையும் சேரும், அதை நாம் சின்ன வயதில் தராசடியில் பார்த்தோமே. கட்டில் நாளை மட்டும் எண்ணினால் புண் ஆறும் முன்பே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நாளோடு புண்ணையும் எண்ணுகிறேன். வீட்டுக்குப் போனவர் திரும்ப வந்தாரா என்றும் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் மகள் 19 நாளும் துணைக்கு நின்றாள். அத்தனை நாளும் தோட்டத்தில் அவளுக்குப் பேர் விழவில்லை, நாள் சம்பளம் இல்லை. அந்தக் காசைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவோடு அதை எப்படிச் சேர்ப்பது? பொங்கலுக்கு வரும்போது கொப்பியைப் பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
ராணி