ரொட்டிக்கார அம்மாவுக்கு நன்றி

கானா-டோகோ எல்லையில், அஃப்லாவோ ஊரில் எங்களைத் துரத்தி ஓடிவந்த அம்மாவுக்கு நன்றி. பெயர்கூடக் கேட்கவில்லை.

டோகோவின் தலைநகர் லோமேயில் ஒரு நாள் சுற்றிவிட்டுக் கானாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டோகோ பக்கம் மொழி பிரெஞ்சு, பணம் சிஎஃப்ஏ பிராங்க். கானா பக்கம் மொழி ஆங்கிலம், பணம் சேடி. ஆனால் இரு பக்கமும் வீட்டில் பேசுவது எவே மொழிதான். கோடு கிழித்தவர்கள் ஊரைக் கேட்டா கிழித்தார்கள்!

சில்லறை எடுத்தபோது மனைவியின் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை விழுந்துவிட்டது, கவனிக்கவில்லை. தலையில் நீள ரொட்டிகள் அடுக்கிய தட்டு, முதுகில் துணியால் கட்டிய குழந்தை, அப்படியே கூட்டத்தைப் பிளந்து வந்து, இடுப்புத் துணியில் துடைத்துக் கொடுத்தார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. சரி என்று இரண்டு ரொட்டி வாங்கினால், கொசுறாக ஒன்று வைத்தார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே எவே வார்த்தை 'அக்பே', அதாவது நன்றி. நாலு முறை சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.