செத்தவர்கள் ஒளிந்து பேசவில்லை

மொழிபெயர்ப்புச் சிறப்பிதழ்கள் கொண்டுவரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சர்வாதிகாரக் காலத்து பிரேசில் நாவல்களைப் பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: தணிக்கையை ஏமாற்றத்தான் மாய யதார்த்தம், அதாவது நடக்கமுடியாததை அன்றாட நிகழ்ச்சிபோலச் சொல்லும் எழுத்து. அடுத்த இதழிலாவது அதை வெட்டிவிடுங்கள்.

பிரேசில் நாவலாசிரியர் எரிக்கோ வெரிசிமுவைப் பாருங்கள். 1970-இல் ராணுவ அரசு நூல்களுக்கு முன்தணிக்கை கொண்டுவந்தபோது, பிரதியை எந்த அதிகாரியிடமும் காட்டமாட்டோம் என்று அவரும் இன்னொரு நாவலாசிரியரான ஜார்ஜ் அமாடோவும் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். மறுவருடமே வெரிசிமுவின் 'அந்தாரெஸில் ஒரு சம்பவம்' நாவல் வந்தது. குழி வெட்டுபவர்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துவிட, புதைக்கப்படாத ஏழு பிணங்கள் எழுந்து ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்து பெரிய மனிதர்களின் வண்டவாளத்தைப் பேசுகின்றன. ஏழு பேரில் ஒருவன் போலீஸ் சித்திரவதையில் செத்தவன். இதில் எங்கே ஒளிவு மறைவு? உயிரோடிருப்பவன் பேசினால் மறுபடி அடிப்பார்கள். பிணத்தை என்ன செய்ய முடியும்? அதற்குத்தான் மாயம்.

பிணங்கள் எழும் நாள் 1963 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. அரசியல் உரிமைகளைப் பறித்த ஐந்தாம் நிறுவனச் சட்டம் வந்ததும் அதே டிசம்பர் 13-தான், 1968-இல், அதுவும் வெள்ளிக்கிழமை! அப்புறம், நடந்ததை ஊரே மறக்கவேண்டும் என்று பெரிய மனிதர்கள் 'ரப்பர் நடவடிக்கை' (எழுதியதை அழிக்கிற ரப்பர்தான்) என்று ஒன்றைத் தொடங்குகிறார்கள். நாவலில் என்னை அதிகம் பயமுறுத்தியது பிணங்களல்ல, இதுதான்.

இன்னொரு பிரேசில் எழுத்தாளர் ஜோஸே வேய்காவின் நாவல் 'அசைபோடுபவற்றின் வேளை' 1966-இலேயே வந்துவிட்டது. முன்தணிக்கைக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஊருக்குள் மாடுகள் நெருக்கியடித்து நிற்க, கதவைத் திறக்க முடியாமல் சனங்கள் உள்ளேயே கிடக்கிறார்கள். ஏன் வந்தன, ஏன் போயின, யாருக்கும் தெரியாது. காரணம் சொல்லாத அதிகாரத்தின் கீழ் வாழ்வது அப்படித்தான்.

பாட்டு எழுதியவர்கள் தணிக்கைக்காக இரட்டை அர்த்தம் வைத்தது உண்மை. ஆனால் நாவலில் விசித்திரம் கேடயமாக இருந்ததா? லொயோலா பிரந்தாவின் 'ஜீரோ' எவ்வளவோ விசித்திரமான புத்தகம். 1974-இல் இத்தாலியில்தான் முதலில் வெளிவர முடிந்தது, பிரேசிலில் 1976-இல் தடையே செய்தார்கள்.

வேய்காவின் நாவல் சிறியதுதான். போர்த்துகீசிய மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து முதலில் அதைக் கொண்டுவாருங்கள். முன்னுரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்