அட்டையில் பெயர்

கண்ணம்மா,

அந்தப் பெரிய மனிதருக்காக நீ எழுதிக்கொடுத்த அவருடைய வாழ்க்கைக் கதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டையில் தேடினேன், இல்லை. நன்றியுரையின் கடைசிப் பத்தியில், அவருடைய டாக்டருக்கும் டிரைவருக்கும் நடுவில் உன் பெயர். ராத்திரியெல்லாம் ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியவள் நீ. சித்தி கேட்டாள், ஒவ்வொரு வரியும் இவள்தான் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவருடைய அக்கா கதவைத் திறக்காமல் உள்ளேயே நிற்கும் இடத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். அவர் பேசித்தான் டிவியில் பார்த்திருக்கிறேனே, ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார்.

அடுத்ததற்காவது முதலிலேயே எழுதி வாங்கு. பெயர் எங்கே வரும், முன்பணம் எவ்வளவு, ராயல்டியில் பங்கு உண்டா, அவர் பாதியில் மனம் மாறினால் அதுவரை எழுதியதற்குப் பணம் உண்டா, எல்லாம். 1999இல் வந்த கலாம் சுயசரிதையில், அவரோடு சேர்ந்து எழுதிய அருண் திவாரியின் பெயரும் அட்டையில் இருக்கிறதே. அதனால் கலாமுக்கு என்ன குறைந்துவிட்டது?

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் சுயசரிதையை அவர் சொல்லச் சொல்ல எழுதிய அலெக்ஸ் ஹேலியின் கதையை நீதான் சொன்னாய். தான் சொல்லாத எதுவும் புத்தகத்தில் வரக்கூடாது என்று மால்கம் எக்ஸ் எழுதி வாங்கினார். பதிலுக்கு, கடைசியில் தன் சொந்தக் குறிப்பை எழுதிக்கொள்ள ஹேலி அனுமதி கேட்டார், அதை மால்கம் பார்த்துத் திருத்தக்கூடாது என்று. 1965இல் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த புத்தகத்தில் அந்தப் பின்னுரை இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டார், கிடைத்தது. நீயும் கேள்.

முதலில் மால்கம் மனம்விட்டுப் பேசவே இல்லையாம். உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஹேலி கேட்ட இரவில்தான் பேச்சு வந்ததாம். நீயும் எல்லோரிடமும் அதைத்தான் கேட்பதாகச் சொல்வாய். யார் யார் அம்மாவோ உனக்கு அத்துப்படி. எனக்கு மட்டும் ‘வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்’.

வேலை இருக்கும், தெரியும். எழுதி வாங்க மறக்காதே.

தாத்தாவின் நோட்டுகளை நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே வைத்திருக்கிறேன். நீ எழுதிய முதல் அத்தியாயமும் அதோடுதான் இருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கிறது. நேற்று என்னையே யாரென்று கேட்டாள். காலை வேளையில் தெளிவாகப் பேசுகிறாள், அந்த ராத்திரி தாத்தா திரும்பி வந்ததைக்கூட. அடுத்த புத்தகத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வா. தேதியை மட்டும் சொல், அவளிடம் சொல்லிவைக்கிறேன்.

அம்மா