பொங்கல் விடுமுறையும் பறவைக் குறிப்பேடும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கையில் ஒரு நோட்டோடு வரப்பில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படிக்கிற நேரத்தில் காக்கையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று சிலர் நேரில் வந்தே சொன்னீர்கள். அவர்களை அனுப்பியது நான்தான்.

குறிப்பேட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். பறவையின் பெயரை முதலில் எழுதக் கூடாது. அலகின் நிறம், கால், கண், வால், பறக்கும்போது இறக்கையில் தெரியும் திட்டு ஆகியவற்றை எழுதிய பிறகே பெயர். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வெள்ளையாக நிற்கும் எல்லாவற்றையும் 'கொக்கு' என்று முடித்துவிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எடுத்த முடிவு இது.

நீங்களே நாளைக் காலை வயலில் பாருங்கள். கறுத்த அலகு, கறுத்த கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. அலகே மஞ்சளாக இருந்து, மாட்டின் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலம் வந்தால் இதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் பூசிக்கொள்ளும். மடையான்தான் பிள்ளைகளை நன்றாக ஏமாற்றுகிறது. உட்கார்ந்திருக்கும்போது சேற்றோடு சேறாகப் பழுப்புக் கோடுகளுடன் இருக்கும். எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை! ஏழாம் வகுப்பில் பலர் அதை இரண்டு பறவையாக எழுதியிருந்தார்கள். நான் அதை அடிக்கவில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறார்கள்.

குயிலிலும் இதே குழப்பம். கரிய உடலும் சிவந்த கண்ணும் ஆணுக்கு. பெண் குயில் பழுப்பு, உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. காகத்தில்கூட இரண்டு உண்டு. கழுத்து சாம்பல் நிறமானால் வீட்டுக் காகம், முழுக்கக் கறுத்து அலகு தடித்திருந்தால் அண்டங்காக்கை. அணிலைப் பற்றி ஒரு மாணவி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ராமர் தடவிய மூன்று கோடு என்கிறோம், வட இந்தியாவில் பரவலாக இருக்கும் அணிலுக்கு ஐந்து கோடு இருக்கிறதே, அதை யார் தடவினார்கள் என்றாள். தமிழாசிரியரிடம் அனுப்பிவைத்தேன்.

ஆகவே, பிள்ளை வந்து "இது என்ன பறவை?" என்று கேட்டால் உடனே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அலகு என்ன நிறம் என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் வேறாக இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடம் இருக்கும் பெயர்கள் எங்களிடம் உள்ள புத்தகங்களில் இல்லை.

பாம்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கட்டுவிரியனின் வெள்ளை வளையங்கள் வால் பக்கம் தெளிவாகவும் கழுத்துப் பக்கம் மங்கலாகவும் இருக்கும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. புத்தகத்தில் படிக்க நல்ல பாடம். ஆனால் வளையமே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. எந்தப் பிள்ளையும் பாம்பின் அருகே போய் வளையம் பார்க்கக் கூடாது. கடி பட்டால் பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் மருத்துவமனைகளில் போடுகிறார்கள். ஆகவே நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாவம் அரணைக்கு நஞ்சே கிடையாது. 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லி அதை அடிப்பதை வீட்டுப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. சில வீடுகளில் கூண்டில் பச்சைக்கிளி இருப்பதாகக் குறிப்பேடுகளிலிருந்தே தெரிந்துகொண்டேன். கழுத்தில் ரோஜா நிற வளையம் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே என்று பிள்ளைகள் அழகாக எழுதியிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். உண்டிவில்லைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் திருப்பித் தரமாட்டேன்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இம்முறை நம் பள்ளியும் சேர்கிறது. காணும் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரைப் பிள்ளையார் கோவில் அருகே கூடுகிறோம். சீருடை வேண்டாம், வெள்ளைச் சட்டையும் வேண்டாம்; மங்கிய நிற உடை போதும். குடிநீர், பென்சில், குறிப்பேடு கொடுத்தனுப்புங்கள். வர விரும்பும் பெற்றோர் வரலாம், கைப்பேசி ஒலியை மட்டும் அணைத்துவிட்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி